முட்டுச் சிரட்டை மேலே ஏறிய பிறகு

என் வலது முழங்காலில் ஒரு பட்டை அறுந்தது. அதைத் தைத்து, காலை நீட்டிக் கட்டி, பிறகு மடக்கப் பாடுபட்டு, ஒருவழியாகப் படி இறங்கும் வரைக்கும் நடந்ததை இங்கே எழுதுகிறேன். இதே போலக் காலை நீட்டியபடி எங்காவது ஒருவர் படுத்திருந்தால், சொன்ன பேச்சைக் கால் கேட்காமல் போவது தனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று அவருக்குத் தெரியட்டும்.

என் பெயர் கிளாரா. அருமனைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவர் தங்கராஜ் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். ஊரில் யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். ஒரே மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும் வீடு.

விளையாட்டு விழாவுக்கு முந்தைய வாரம். நீளம் தாண்டும் பிள்ளைகளுக்குப் பலகையில் கால் ஊன்றுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வதைவிடச் செய்து காட்டுவது எளிது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருடக்கணக்காகச் செய்து காட்டியிருக்கிறேன். இப்போது சுடிதார் வேறு. ஓடி வந்து வலது காலைப் பலகையில் வைத்தேன். எழும்புவதற்குச் சற்று முன்னால் முழங்கால் லேசாக மடங்கும் அல்லவா, அந்த இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். பள்ளியைச் சுற்றி ரப்பர்த் தோட்டம். காய் வெடிக்கும் காலம். ரப்பர்க் காய் வெடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி வாயில் மணல்.

எழுந்திருக்கப் பார்த்தேன். வலது காலுக்குக் கீழே தரை இல்லாதது போல இருந்தது. மீண்டும் விழுந்தேன். பிறகுதான் காலைப் பார்த்தேன். முழங்காலுக்கு முன்னால், கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை போல இருக்கும் சிறிய எலும்பை எங்கள் பக்கம் முட்டுச் சிரட்டை என்போம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். சிரட்டை தொடைப் பக்கம் ஏறிப் போயிருந்தது. வலி பிறகுதான் வந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் வந்த பயத்துக்கு முன்னால் வலி ஒன்றுமே இல்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்த கணவர் கையில் வார்னிஷ் வாடை.

"ஏட்டி, என்ன பற்றிச்சு? விழுந்தியா?"

"குதிச்சேன். முட்டு எடம் மாறிப் போச்சு."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு மறுபடியும் மூடினார். "ஒண்ணும் இல்ல. சரியாக்கிரலாம்" என்றார். அவர் குரல் அப்படிச் சொல்லவில்லை.

எக்ஸ்ரே எடுக்க ஒரு வரிசை, ஸ்கேன் எடுக்க ஒரு வரிசை. சக்கர நாற்காலியில் காலை ஒரு பலகை மேல் நீட்டி வைத்து என்னை வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். போகிற வருகிற எல்லோரும் அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் என் வாழ்நாளில் யாருக்கும் வழியை அடைத்துக்கொண்டு இருந்ததில்லை.

எலும்பு மருத்துவர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். சிரட்டைக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. "காலை நீட்டின மேனிக்கே மேல தூக்குங்க, பார்ப்போம்" என்றார்.

தூக்கினேன். அதாவது, தூக்கு என்று காலிடம் சொன்னேன். தொடை இறுகியது, சிரட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது, குதிகால் மட்டும் மெத்தையை விட்டு ஒரு நூல் அளவும் எழும்பவில்லை. "போதும்" என்றார் மருத்துவர்.

முழங்கால் எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். தொடையின் முன்பக்கம் நான்கு தசைகள். நான்கும் கீழே வந்து ஒன்றாகச் சேர்ந்து முட்டுச் சிரட்டையைப் பிடித்துக்கொள்ளும். சிரட்டைக்குக் கீழே, பெருவிரல் அகலத்தில் ஒரு கெட்டியான பட்டை இறங்கி, முன்காலில் கைக்குத் தட்டுப்படும் மேட்டில் போய் ஒட்டும். தொடை சுருங்கினால் சிரட்டை இழுபடும், சிரட்டை பட்டையை இழுக்கும், பட்டை காலை நிமிர்த்தும். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவது போலச் சிரட்டை தொடை எலும்பின் பள்ளத்தில் வழுக்கி ஓடுகிறது. அது முன்னால் நிற்பதால்தான் தசையின் இழுப்புக்குப் பலம் கூடுகிறது. பின்தொடைத் தசைகள் காலை மடக்கும். முன்தொடை நிமிர்த்தும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும். ஓடி வந்து ஒரு காலை ஊன்றும்போது உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு அந்தச் சின்னப் பட்டையில் இறங்குகிறது. என்னுடையது அங்கே அறுந்துவிட்டது. தசை நன்றாக இருந்தது, எலும்பும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தொடர்பு இல்லை.

மறுநாள் அறுவை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். மருந்து பூசிய மஞ்சள் நிறக் கால் ஒன்றை நர்ஸ் தூக்கிப் பிடித்திருந்தார். யாருடைய கால் இது என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன். சிரட்டையில் துளை போட்டு, துளைகள் வழியே கெட்டி நூலைக் கோத்து, அறுந்த பட்டையை இழுத்துக் கட்டுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். துளை போடும் சத்தம் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் நடப்பதில் எனக்கு எந்த வேலையும் இல்லை. கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அறையில் பக்கத்துக் கட்டிலில் ரோஸ்மேரி அக்கா. இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரைக்காரர். மீன் சுமந்து விற்றே முழங்கால் தேய்ந்து போய், செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அறுவை முடிந்த மறுநாளே அவரை வாக்கரைப் பிடிக்க வைத்து நடக்கவிட்டார்கள். எனக்கோ, தொடையிலிருந்து கணுக்கால் வரை நீண்ட பட்டைக் கட்டு. மடக்கக் கூடாது, ஊன்றக் கூடாது, பக்கவாட்டில் திரும்பவும் கூடாது.

"ஏ பிள்ள, நான் வயசானவ நடக்கேன். பி.டி. டீச்சர் கெடக்கியே" என்று அக்கா வாக்கரோடு என் கட்டில் அருகே வந்து நின்று சொன்னார். என் முகம் எப்படிப் போனதோ, உடனே குரலைத் தணித்தார். "அதுக்கில்ல மக்கா. எனக்கு இரும்பு வச்சிருக்கு. ஒனக்கு வெறும் நூலு. நூலு பிடிக்கணும்னா அசங்காமத்தான் கெடக்கணும்."

அவர் வீட்டிலிருந்து மீன் குழம்பு வரும். முதலில் எனக்கு ஊற்றிவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார். படுக்கையிலேயே பாத்திரம் வைத்து எல்லாம் செய்ய வேண்டியிருந்தபோது, நான் கூசுவதைக் கண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உரக்க ஜெபமாலை சொல்லத் தொடங்குவார். அந்தச் சத்தத்தில் நான் காரியத்தை முடித்துக்கொள்வேன். எனக்கு முன்பே அவர் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். கட்டில் காலியானதும் எனக்கு அழுகை வந்தது.

அந்த நாட்களில்தான் பிசியோதெரபிஸ்ட் ஷீபா வந்தார். சிரித்த முகமுள்ள இளம்பெண். என் முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார்.

"டீச்சர், கால தூக்காண்டாம். இந்தத் துண்ட முட்டு வச்சு கீழ அமுக்குங்க. தொடைய இறுக்குனா போதும்."

கண்ணை மூடி அமுக்கினேன். கழுத்து இறுகியது. பல் இறுகியது. வயிறு கல்லாயிற்று.

"மூச்சப் பிடிக்காதீங்க டீச்சர்."

"இறுகிச்சு, பாருங்க."

"அது இடது காலு" என்றார் ஷீபா, மெதுவாக.

வலது தொடையைத் தொட்டுப் பார்த்தேன். மாவு போலக் கிடந்தது. மறுபடியும் முயன்றேன். மறுபடியும். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி எங்கே அனுப்புவது என்றே தெரியவில்லை. வழி மறந்த வீட்டைத் தேடுவது போல இருந்தது.

ஷீபா விளக்கினார். மூட்டுக்குள் அடிபட்டு நீர் கோத்துக்கொண்டால், மூட்டில் இருக்கும் நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தண்டுவடம் முன்தொடைக்குப் போகும் உத்தரவை வழியிலேயே நிறுத்திவிடும். அடிபட்ட மூட்டை இழுத்துக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க உடம்பு தானாகச் செய்கிற காரியம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் இதே கதைதான்.

பிறகு தொடையில் இரண்டு பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் வைத்தார். தொடை துள்ளிச் சுருங்கியது. இயந்திரத்தை நிறுத்தினார், செத்தது போல் கிடந்தது. அது சொன்னால் கேட்கிறது. நான் சொன்னால் கேட்கவில்லை. என் கால்தானே?

இதைக் கணவரிடம் சொன்னேன். தங்கராஜ் நெடுநேரம் அந்தத் தொடையையே பார்த்தார். "கறண்டு வருது. மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு. இடையில பீஸ் போயிட்டு, அவ்வளவுதான். பேடிக்காத."

"பீஸ நீங்க மாத்தித் தருவியளா?"

"இது அதுவா வரணும்."

"வரலேன்னா?"

அவர் எழுந்து போய் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். பில் எவ்வளவு என்று நான் கேட்டதற்கும் அதே தேநீர்தான் பதிலாக வந்தது.

வீட்டுக்கு வந்தோம். கட்டில் கால்களுக்கு அடியில் அவர் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். எழுந்து நிற்க எனக்குச் சுலபமாக இருக்கும் என்று யாரும் சொல்லாமலே செய்திருந்தார். கடையைப் பாதி நாள் பூட்டினார். என்னைக் குளிப்பாட்டுவார், தலையைத் துவட்டி ஒரு கோணல் சடை போட்டுவிடுவார். மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைப்பார். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மட்டும்தான் என்னால் முடிந்தது. சில நாள் அதற்கே எரிந்து விழுந்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைப்பார். அது இன்னும் மோசம்.

கட்டைக் கழற்றிக் கழுவும்போதெல்லாம் தொடை மெலிந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தொடை போல ஆகிவிட்டது. மகள் வீடியோவில் அழைத்துக் காலைக் காட்டச் சொல்வாள். இடது காலைக் காட்டுவேன். நர்சிங் படிக்கிறவளை ஏமாற்ற முடியுமா? "அம்மா, மத்த காலு" என்பாள்.

ஷீபா சொல்லிக்கொடுத்தபடி, நான் துண்டை அமுக்க முயலும்போது கணவர் என் தொடை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருப்பார். தினமும் ஒன்றும் இராது. ஒருநாள் காலை திடீரென்று கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"ஏட்டி, எனக்க கைக்கு அடியில என்னமோ ஓடிச்சு."

"ஒண்ணும் ஓடல."

"ஒனக்குத் தெரியல. சத்தியமா ஓடிச்சு. இன்னொருக்கா செய்யி."

செய்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் காலில் நடந்த ஒன்றை அவர் கை வழியாகத்தான் நான் அறிய வேண்டியிருந்தது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கட்டை அவிழ்த்தபோது கால் மடங்கவில்லை.

முழங்கால் மடங்க வேண்டுமென்றால் சிரட்டை கீழே வழுக்கி இறங்க வேண்டும், தொடைத் தசை நீண்டுகொடுக்க வேண்டும். புண் ஆறும்போது உள்ளே வடுத் திசு வளர்ந்து, வழுக்க வேண்டிய இடங்களையெல்லாம் பசை போட்டது போல ஒட்டிவிடும். சிலருக்கு அதிகமாக ஒட்டும். எனக்கு ஒட்டிவிட்டது. வீட்டில் யாராவது பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிவிட வேண்டும், வலி வந்தாலும் விடாமல் சற்று நேரம் நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்றார் ஷீபா. எங்கள் வீட்டில் 'யாராவது' என்றால் ஒருவர்தான்.

கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு நான் உட்காருவேன். அவர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார். உள்ளே பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து நெம்புவது போல இருக்கும். கத்தி அழுதுவிடுவேன். அவர் கை உடனே விட்டுவிடும்.

"விட்டா எப்பிடி மடங்கும்?"

"நீ கரைஞ்சா எனக்க கையி தன்னாலே விட்டிருது. நான் என்ன செய்ய?"

"நான் கரைஞ்சாலும் விடாதீங்க."

மறுநாள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. தள்ளினார். நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது, ஆனால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டார். விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் தலை துவட்டும் துவர்த்தை எடுத்து முகத்தில் போட்டு மூடிக்கொண்டேன். அவர் காதில் பஞ்சு, என் முகத்தில் துவர்த்து. காலையும் மாலையும் இப்படியே. துவர்த்துக்குள் நான் அழுவேன். ஒருநாள் என் பாதத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. துவர்த்தை எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்திருந்தால் இருவரும் அன்றோடு நிறுத்தியிருப்போம்.

அப்படிச் செய்தும் கால் மடங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே நீட்டிக்கொண்டே நிற்கும்.

மருத்துவர் மீண்டும் சேரச் சொன்னார். மயக்கம் கொடுத்து, தசைகள் தளர்ந்திருக்கும்போது அவரே காலை மடக்கி ஒட்டியதைப் பிரித்துவிடுவார். கத்தி வைக்கும் வேலை இல்லை. "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். மடக்குறப்போ தைச்ச பட்டை தாங்கணும். தாங்கலேன்னா மறுபடியும் முதல்ல இருந்துதான்" என்றார்.

வராந்தாவில் காத்திருந்தோம். முதல்முறை எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. இந்தமுறை எல்லாம் தெரியும். நூல், துளை, மாவு போன்ற தொடை, செங்கல் வைத்த கட்டில். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் நாலு பேர் நடுவே அப்படிப் பிடிக்க மாட்டார்.

"மறுபடியும் அறுந்தா, இனி நீங்க என்னப் பாக்க முடியாது. நாள் பூரா கடையப் பூட்ட முடியுமா?" என்றேன்.

"அறுந்தா கெட்டலாம்."

"எத்தன மட்டம் கெட்டுவிய?"

"அறுற மட்டமெல்லாம்" என்றார். பிறகு, சொன்னது தப்பாகிவிட்டதோ என்று பயந்தது போல என்னைப் பார்த்தார்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது முதலில் சிரட்டையைத் தடவினேன். வீங்கியிருந்தது. ஆனால் அதன் இடத்தில் இருந்தது. பட்டை தாங்கிவிட்டது. உள்ளே ஒட்டியிருந்தது பிரியும்போது காய்ந்த ஓலை கிழிவது போலச் சத்தம் வந்ததாகப் பிறகு சொன்னார்கள். நல்லவேளை, அதை நான் கேட்கவில்லை.

இப்போது கால் செங்கோணத்துக்கு மேல் கொஞ்சம் மடங்குகிறது. நாற்காலியில் மற்றவர்களைப் போல உட்காருவேன். சப்பணம் போட முடியாது, குத்த வைக்க முடியாது. ஓடுவதும் தாண்டுவதும் முடிந்தது. மருத்துவர் அதைச் சொன்னபோது நான் தலையாட்டினேன். எந்த உணர்ச்சியும் வரவில்லை. அது பிறகு, வீட்டில், ஷூவை எடுத்துப் பரணில் வைக்கும்போது வந்தது.

மருத்துவர் அதைச் சொன்ன அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, எப்போதும் பிடிக்கும் ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்று நான்தான் சொன்னேன். ஏறுவதில் சிரமம் இல்லை. நல்ல காலை முதலில் வைத்து ஏறிவிட்டேன். இறங்குவதுதான் கடினம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, பிடியை விடாமல், நீண்டுகொண்டே போக வேண்டும். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். பலமில்லாத தொடைக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை. கெட்ட காலை முதலில் கீழே வைத்து இறங்குங்கள் என்று ஷீபா பலமுறை சொல்லியிருந்தார்.

எங்கள் நிறுத்தம் வந்தது. அவர் முதலில் இறங்கிக் கீழே நின்று இரு கைகளையும் நீட்டினார். நான் பழைய பழக்கத்தில் இடது காலைக் கீழே இறக்கினேன். உடம்பு முழுவதும் வலது தொடை மேல் வந்தது. அது நடுங்கியது, பிறகு விட்டுவிட்டது. பிடி கம்பியில் தொங்கி, பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் இறங்க வேண்டியவர்கள் கூடையும் பையுமாக நின்றார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எழும்பப் பார்த்தேன். தொடை துடித்ததே தவிர எழும்பவில்லை. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏட்டி, கையத் தா" என்றார் அவர். கம்பியை விட எனக்குத் தைரியம் இல்லை.

"பைய டீச்சர், பைய. ஒரு அவசரமும் இல்ல" என்றார் கண்டக்டர். பிறகு முன்பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

அந்த நேரத்தில், அந்தச் சாலையில், நெரிசலான ஒரு வண்டியின் இன்ஜினை யாரும் அணைக்க மாட்டார்கள். எனக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்த படி அசையாமல் நின்றது. லாரிக்காரனும் ஹாரனை நிறுத்தினான். நான் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துப் படியில் ஊன்றினேன். மறுகையை அவரிடம் கொடுத்தேன். குழந்தைகள் கட்டிலை விட்டு இறங்குவது போல, உட்கார்ந்தபடியே ஒரு படி, பிறகு ஒரு படி நகர்ந்து, கெட்ட காலைத் தரையில் வைத்தேன். நின்றது.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையைக் குறுக்கே கடந்தேன். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.